வீமனுக்கு ஒப்பரேசன் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன், மறுப்பவர்கள் சொல்லுங்கள்

2024 நவம்பர் 9

வீமன் எங்கள் நாய். அல்சேசன் கலப்பு, ஆண், ஏழு வயது. ஐப்பசி பிறந்ததிலிருந்து பின் வலது காலை நொண்டுகிறான். படுத்து எழும்பும்போது முன்கால்களை ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தை இழுத்து எடுக்கிறான். எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு இடுப்பு மூட்டும் பழுது, மூட்டு வாதம் பிடித்துவிட்டது, தொடை எலும்பின் தலையை வெட்டி எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். முதலில் வலது, சில மாதம் கழித்து இடது.

என் முடிவு, வேண்டாம். எலும்பை வெட்டி எறிந்துவிட்டு அவனை எதில் நடக்கச் சொல்வது? கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்புகிறேன் என்று நிற்கிறான். காசோடு சேர்த்து முடிவையும் அனுப்பப் பார்க்கிறான், அதுதான் கரைச்சல். செய்து பார்த்தவர்கள், செய்யாமல் சமாளித்தவர்கள் எழுதுங்கள். "பாவம், வாயில்லாச் சீவன்" என்று மட்டும் எழுத வேண்டாம். அவனுக்கு வாய் இருக்கிறது, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

2024 நவம்பர் 10

நேற்று எழுதியதில் ஒன்று பிழை. எலும்புத் தலையை எடுத்தாலும் நாய் நடக்குமாம். உரசுகிற எலும்பு இல்லாமல் போக, அந்த இடத்தில் தசையும் தழும்பும் சேர்ந்து ஒரு பொய் மூட்டு உண்டாகிறது. பாரம் குறைந்த நாய்களுக்கு அது நன்றாகவே அமைகிறது. பாரமான நாய்க்கு அந்த அளவுக்கு நம்பிச் சொல்ல ஏலாது. இன்னொரு வழி முழு மூட்டையும் மாற்றி உலோக மூட்டு வைப்பது. குட்டியிலேயே கண்டுபிடித்தால் செய்யக்கூடிய ஒப்பரேசன்களும் உண்டு, ஒன்று ஐந்து மாதத்துக்குள், மற்றது வாதம் தொடங்க முன்னர் ஒரு வயதுக்குள். வீமனுக்கு அந்தப் பஸ் எல்லாம் எப்போதோ போய்விட்டது.

இதை வாசித்தபோது ஒன்று குத்தியது. இந்த நாய்கள் பிறக்கும்போது இடுப்பு சரியாகத்தான் இருக்கும். வளரும்போது கிண்ணத்துக்குள் உருண்டை இறுக்கமாக நிற்காமல் ஆடத் தொடங்கி, ஆடி ஆடி இரண்டும் தேய்கின்றன. முதல் காரணம் பரம்பரை. அதற்கு மேல் குட்டியைக் கொழுக்க வளர்ப்பதும் கல்சியத்தை அள்ளிக் கொடுப்பதும் கெடுதல். நான் வீமனுக்கு நான்கு மாதம் பாலும் கல்சியம் சிரப்பும் கொடுத்தேன், "எலும்பு உரமாக வரட்டும்" என்று. போத்தல் எண்ணிக்கை கேட்காதீர்கள்.

2024 நவம்பர் 11

பனடோல் (பரசிற்றமோல்) பாதி கொடுங்கள், நோ குறையும் என்று எழுதியவருக்கு: தயவுசெய்து வேண்டாம். நாயின் ஈரலை அது பழுதாக்கும், அளவு கூடினால் இரத்தமும் கெடும். பூனைக்குக் கொஞ்சம் கொடுத்தாலே உயிர் போகும். மனிதர் போடும் ஐபுபுரூபன், டைக்லோபெனக் இரண்டும் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைத் தின்னும். நாய்க்கென்று கார்புரோபென், மெலொக்சிகாம் இருக்கின்றன. அவற்றையும் டொக்டர் எடை பார்த்துத்தான் எழுத வேண்டும். தொடர்ந்து கொடுப்பதென்றால் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் பார்க்க வேண்டும்.

அம்மா தைலம் பூசியதை அவன் நக்கி, பிறகு சத்தி எடுத்தான். அது வேறு கதை.

2024 நவம்பர் 14

எடை கேட்டீர்கள். நான் தூக்கிக்கொண்டு நிறை மெசினில் ஏறும் வயது எனக்குமில்லை, அவனுக்குமில்லை. சுன்னாகத்தில் வெங்காயம் மொத்தமாக வாங்கும் ஒருவரின் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. பாதி பிஸ்கற்றைக் காட்டி அதில் ஏற்றினோம். 41 கிலோ. கடைக்காரர் எழுதுவதற்குப் பேனையை எடுத்துவிட்டார், பழக்கதோஷம். "சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கவோ அண்ணை?" என்று கேட்டார்.

விலா எலும்பைத் தடவிப் பார்த்தால் மெல்லிய சீலைக்குக் கீழே விரல் மொழி தெரிவதுபோலத் தெரிய வேண்டுமாம். வீமனில் மெத்தைக்குக் கீழேகூடத் தெரியவில்லை. ஐந்து ஆறு கிலோ குறைக்க வேண்டும். தம்பி ஒரு ஆய்வு அனுப்பினான் (இந்தத் தடவை காசில்லாமல்): 48 லாப்ரடோர் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்து, சோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்வாசி குறைவாகச் சாப்பாடு போட்டு வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூட வாழ்ந்தன, மூட்டு வாதமும் பிந்தியே வந்தது. இன்னொரு ஆய்வில், வாதம் வந்த கொழுத்த நாய்கள் எடையில் நூற்றுக்கு ஆறு குறைந்ததுமே நொண்டல் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. வீமனுக்கு அது இரண்டரைக் கிலோ.

இன்றிலிருந்து பாண் இல்லை, புட்டு இல்லை, ஆட்டெலும்பு இல்லை. அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறேன். அம்மா "ஓம்" என்றா. அந்த "ஓம்" எனக்குத் தெரியும்.

2024 நவம்பர் 17

எதிர்வீட்டு மாமா முறைப்பாடு. புதுப் பெயின்ற் அடித்த மதிலில் வீமன் காலைத் தூக்குகிறானாம், "ஏழு வருசம் உங்கட கதியால் வேலிக்குத்தானே ஊத்தினவன், இப்ப மட்டும் ஏன் என்ர மதில்?" மன்னிப்புக் கேட்டேன். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

2024 நவம்பர் 18

கோண்டாவில் அக்கா ஒருவர் எழுதியது ஒரு வரிதான்: "தம்பி, இந்த நொண்டல் மெல்ல மெல்ல வந்ததா, ஒரு கிழமைக்குள் வந்ததா?"

இரவு நித்திரை இல்லை. புரட்டாதியில் இதே வீமன் கோயில் வெளியில் ஆட்டுக்கடாவைத் துரத்தி, நான் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். (என் வாழ்க்கையில் பாதி, இவனுக்காகக் கேட்ட மன்னிப்பு.) ஐப்பசி முதல் கிழமை திடீரென்று கால் போனது. இரண்டு இடுப்பும் ஒரே அளவில் பழுது என்று படம் சொல்கிறது. அப்படியென்றால் ஏன் வலது மட்டும்? வருடக்கணக்காகத் தேய்ந்த மூட்டு ஏன் ஒரு கிழமையில் கத்த வேண்டும்?

எக்ஸ்ரேயில் கண்றாவியாகத் தெரியும் இடுப்போடு சந்தோசமாக ஓடும் நாய்களும் உண்டு, படம் ஓரளவு வடிவாக இருந்தும் எழும்ப முடியாத நாய்களும் உண்டு என்று இங்கேயே யாரோ முன்பு எழுதியிருந்தார். வாசித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

2024 நவம்பர் 19

உண்ணிக் காய்ச்சல் பாருங்கள் என்று மூன்று பேர். நியாயம். எங்கள் ஊர் உண்ணிக்குக் குறைவில்லை, அந்தக் காய்ச்சல் மூட்டுகளையும் வீங்க வைக்கும். ஆனால் அது இன்று ஒரு கால், நாளை மறு கால் என்று மாறி மாறி வருமாம், சோர்வும் சாப்பாட்டு மறுப்பும் இருக்கும். வீமன் சாப்பாட்டை மறுத்த நாளை நான் இன்னும் காணவில்லை. இருந்தாலும் அவன் இரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. உங்கள் நாய்க்குக் கால் மாறி மாறி நொண்டினால் கத்தியைப் பற்றி யோசிக்க முன்னர் இதைப் பாருங்கள்.

2024 நவம்பர் 28

வளவு முழுக்க வெள்ளம். வீமன் விறாந்தையில். ஈரக் காலோடு ரைல்ஸில் நடந்து இரண்டு தரம் பின்கால் அகன்று விழுந்தான். வெங்காயச் சாக்குகளை வாசலிலிருந்து குசினிவரை விரித்துவிட்டேன். வீடு களஞ்சியம்போல இருக்கிறது, அவன் மட்டும் ராசா மாதிரிச் சாக்குப் பாதையில் போய் வருகிறான். ரைல்ஸ் போட்ட வீட்டில் வயதான நாய் வைத்திருப்பவர்கள் இதை இன்றே செய்யலாம், செலவில்லை.

2024 டிசம்பர் 3

பேராதனைக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றேன். இலங்கையில் மிருக வைத்தியம் படிப்பிக்கும் பீடம் அங்கே மட்டும்தான், அதோடு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து 320 கிலோமீற்றர் அளவில். வான் வாடகையைக் கேட்டதும் வீட்டில் கதை நின்றுவிட்டது. மனிசருக்கே ஒப்பரேசனுக்குக் காசில்லாமல் வரிசையில் நிற்கிறார்கள், நாய்க்கு வானோ என்று மாமி கேட்டார். கேள்வி பிழையில்லை. என்னிடம் பதில் இல்லை.

இரவு அம்மா தானாகச் சொன்னா. 95 ஒக்டோபரில் சண்டையால் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்களிடம் மணி என்று ஒரு நாய். செம்மணி வெளிவரைக்கும் சைக்கிளுக்குப் பின்னால் வந்தது. சனத்துக்குள் அதற்குப் பிறகு காணவில்லை. திரும்பி வந்தபோது வளவில் அதன் அலுமினியச் சட்டி மட்டும் கிடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது, சட்டியை மறந்துவிட்டேன். அம்மா மறக்கவில்லை. "உவனைக் கூட்டிக்கொண்டு போ" என்றா. அவ்வளவுதான்.

2024 டிசம்பர் 11

நேற்றுப் போய் வந்தோம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஒரு மணிக்கு வான். மயக்க ஊசி போட வேண்டி வரலாம், முதல்நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தம்புள்ளையில் விடியச் சாரதி மாலுபாண் வாங்கி வந்து முன் சீற்றில் இருந்து சாப்பிட்டார். வீமன் அவருடைய காதுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தான். மனிதர் பாதியில் பையைக் கட்டி வைத்துவிட்டார்.

பார்த்தவர் இளம் டொக்டர். எக்ஸ்ரேயை ஒருக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டார். முதலில் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தார். பிறகு பின்பாதத்தைப் புறங்கால் தரையில் படும்படி மடித்து வைத்தார். வீமன் உடனே திருப்பி ஊன்றினான். நரம்பு சரி என்றார். அல்சேசன்களுக்கு முள்ளந்தண்டு நரம்பு மெல்ல அழியும் நோய் ஒன்று உண்டு, நோவே இருக்காது, பாதம் மடிந்து இழுபடும், அதற்குக் கத்தி எந்தப் பயனும் தராது. அது இல்லை. இடுப்பைப் பின்னுக்கு நீட்டிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தான், இரண்டு பக்கமும் ஒரே அளவு.

அதற்குப் பிறகு பின்னால் குந்தியிருந்து, இரண்டு முழங்காலையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பிடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. என் விரலை எடுத்து வலது முழங்காலின் உள்பக்கத்தில் வைத்தார். எலும்பின் மேல் மோதிரம் ஒன்று தோலுக்குக் கீழே போட்டதுபோல ஒரு தடிப்பு. இடதில் இல்லை. ஏழு வருடமாக இந்த நாயைத் தடவுகிறேன்.

எப்படிக் குந்தியிருப்பான் என்று கேட்டார். போனில் படங்களைக் காட்டினேன். ஐப்பசிக்குப் பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் வலது காலை மடிக்காமல் பக்கவாட்டில் எறிந்துவிட்டு, மணவறையில் களைத்துப்போன மாப்பிள்ளை மாதிரிச் சாய்ந்திருக்கிறான். நாங்கள் அதை வடிவு என்று நினைத்துத்தான் படமே எடுத்தோம்.

மயக்கிவிட்டு, தொடை எலும்பை ஒரு கையாலும் கீழ்க்கால் எலும்பை மறு கையாலும் பிடித்து முன்னுக்குத் தள்ளினார். கீழ்க்கால் நழுவி முன்னுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற தமிழ் மாணவி, "மேசை லாச்சி இழுக்கிற மாதிரி வருது பாருங்கோ, அப்பிடி வரக் கூடாது" என்றார். முழங்காலுக்குள் குறுக்கே போகும் நார் அறுந்திருக்கிறது.

இடுப்பு பழுதுதான். அது முந்தியே பழுது. அவனை நொண்ட வைத்தது முழங்கால்.

2024 டிசம்பர் 12

முழங்கால் எது என்று சிலர் குழம்பியிருக்கிறீர்கள். நாயின் பின்காலில் பின்னுக்கு மடிந்து துருத்திக்கொண்டு நிற்கிறதே, அது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி முன்னுக்கு மடிவது. நானும் நேற்றுவரை கணுக்காலைத்தான் முழங்கால் என்று எண்ணியிருந்தேன்.

பந்து விளையாடுபவருக்கு இந்த நார் ஒரே வெட்டில் அறும். நாய்க்குப் பெரும்பாலும் நார் நூலாக உக்கி, கடைசி இழை ஏதோ ஒரு நாளில் போகும். ஆட்டுக்கடாவில் பழி போட்டு வைத்திருந்தேன், வாபஸ். இன்னொன்றும் சொன்னார்கள்: ஒரு பக்கம் போன நாய்களில் கிட்டத்தட்டப் பாதிக்கு மற்றப் பக்கமும் பிறகு போகிறது.

முதல் டொக்டரைத் திட்டி எழுதியவர்களே, நிறுத்துங்கள். படத்தில் இடுப்பு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. நான் கொண்டுபோனபோதே "இடுப்புப் பிரச்சினை" என்று சொல்லித்தான் கொண்டுபோனேன், இடுப்பைத்தான் படம் எடுத்தார்கள். ஒப்பரேசன் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மாதம் இங்கே சண்டை பிடித்தோம், எந்த மூட்டுக்கு என்று கோண்டாவில் அக்காவைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு மதில் விசயமும் விளங்கிவிட்டது. முன்பு வலதில் நின்று இடதைத் தூக்குவான், எங்கள் கதியால் இடப்பக்கம். இப்போது வலதில் நிற்க ஏலாது, அதனால் வலதைத் தூக்குகிறான், வலப்பக்கம் மாமாவின் மதில். மாமாவுக்கு விளக்கினேன். "அப்ப என்ர மதில்தான் முதல் கண்டுபிடிச்சது" என்றார்.

2024 டிசம்பர் 15

தலைப்பை மாற்றச் சொல்கிறீர்கள். மாற்ற மாட்டேன், கிடக்கட்டும்.

செய்கிறோம், முழங்காலுக்கு. 15 கிலோவுக்குக் குறைந்த நாய் என்றால் ஓய்விலேயே பல தேறிவிடும். வீமன் போன்ற பாரத்துக்கு மூட்டு ஆடி ஆடி உள்ளே இருக்கும் மெத்தைச் சவ்வையும் கிழித்துவிடும். எலும்பை அறுத்துச் சரிவை மாற்றித் தகடு பூட்டும் முறை பெரிய நாய்களுக்கு மேல் என்கிறார்கள். எங்களுக்குக் கைக்கெட்டியது மற்றது: மூட்டுக்கு வெளியே தடித்த நைலோன் நூலால் இழுத்துக் கட்டுவது. அந்த நூல் காலத்துக்கும் நிற்காது, தளரலாம், அறலாம். அதற்குள் மூட்டைச் சுற்றித் தழும்பு கட்டி அதுவே பிடித்துக்கொள்ள வேண்டும். அதுவரை அவனை ஓடவிடாமல் வைத்திருப்பது எங்கள் பொறுப்பு. டொக்டர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

குருநகர்ச் சிநேகிதனிடம் சொன்னேன். "நைலோனோ? மீன்வலைத் தங்கூசியெல்லே அது! எத்தினையாம் நம்பர்?" தங்கூசி வலை தடை, கடற்படை கண்டால் வீமனைப் பிடித்துக்கொண்டு போகும் என்றான்.

2024 டிசம்பர் 20

நேற்று முடிந்தது. வீமன் பிளாஸ்ரிக் வாளிக்குள் தலையோடு (அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறோம்) என்னை மன்னிக்காமல் படுத்திருக்கிறான்.

2025 ஜனவரி 3

தையல் பிரித்தாயிற்று. விரல் நுனியை ஊன்றுகிறான். வெளியே போவது கயிற்றில், மூத்திரத்துக்கு மட்டும்.

2025 ஜனவரி 15

நேற்று விடியப் பொங்கல் வெடி. கதவை ஒழுங்காகச் சாத்தாதது நான்தான். முதல் வெடிக்குச் சாக்குப் பாதையைத் தாண்டிப் பாய்ந்து குசினி மேசைக்குக் கீழே. பின்காலை முழுதாகத் தூக்கிவிட்டான். பானை பொங்கி வழிந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. போனில் டொக்டர், நோ மருந்து கொடுத்து இரண்டு நாள் பாருங்கள் என்றார். கட்டு அறுந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து.

இது எழுதும்போது இன்னும் தூக்கித்தான் வைத்திருக்கிறான்.

2025 ஜனவரி 17

ஊன்றிவிட்டான்.

2025 பெப்ரவரி 16

வெங்காயத் தராசு: 36 கிலோ. கடைக்காரர் "காய விட்டிட்டியள்" என்றார். அம்மாவின் "ஓம்" பற்றி நான் எழுதியது அநியாயம், ஒரு பாண் துண்டு கொடுக்கவில்லை. மாமி கொடுத்திருக்கிறார். வான் கேள்வி கேட்ட அதே மாமி.

டொக்டர் சம்மதத்தோடு காரைநகர் கசூரினாவுக்குக் கொண்டுபோனோம். ஆழமில்லாத கடல், அலையும் குறைவு. நெஞ்சளவு தண்ணீரில் கயிற்றோடு மெல்ல நடத்தினால் பாரத்தைத் தண்ணீர் தாங்கும், தசை வேலை செய்யும். சனம் தீர்த்தமாடும் கீரிமலைக் கேணி இன்னும் கிட்ட என்று எழுதியவர் பகிடிக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன். வீட்டுக்கு வந்து உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

வலது தொடை இன்னும் இடதைவிட மெலிவு. துணி அளவு நாடாவால் அளக்கிறேன்.

2025 மார்ச் 2

இடுப்பு என்னவாயிற்று என்று கேட்டவருக்கு: அப்படியே இருக்கிறது. குளிர் விடியலில் விறைக்கிறான், பத்து அடி நடந்ததும் இளகுகிறான். ஆக முடியாத நாட்களில் மெலொக்சிகாம். இடுப்பு ஒப்பரேசனைப் பற்றி இப்போதைக்கு யோசனை இல்லை. மருந்துக்கும் கேட்காத நோவு வந்தால் யோசிப்பேன், தம்பியிடம் காசும் கேட்பேன். ஒவ்வொரு ஞாயிறும் இடது முழங்காலின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன். மோதிரம் இல்லை.

2025 மார்ச் 16

பன்னிரண்டு கிழமை தாண்டியாயிற்று. காலையில் படலையைத் திறந்ததும் வழக்கம்போல மாமாவின் மதிலடிக்குப் போனான். மோந்தான். திரும்பி ஒழுங்கையைக் கடந்து எங்கள் கதியாலடிக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்று, இடது காலைத் தூக்கினான். வலது கால் நடுங்கியது. விழவில்லை.

மாமா பல் விளக்கிக்கொண்டு தன் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மதிலுக்கு இனிப் பெயின்ற் அடிக்கலாம் என்றேன்.